கட்-ஆஃப்தான் முடிவு செய்யும் என்றால், கல்லூரியை நேரில் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

செப்டம்பர் 22. முத்துப்பேட்டையிலிருந்து ஒரு தந்தையின் கேள்வி

மகன் பிளஸ் 2 படிக்கிறான். காலாண்டு விடுமுறையில் தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் நான்கைந்து பொறியியல் கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நச்சரிக்கிறான். கார் வாடகையும் போகும், என் வேலையும் கெடும். எந்தக் கல்லூரி கிடைக்கும் என்பதைக் கட்-ஆஃப் சொல்லிவிடும். எங்கே போனாலும் அதே அலங்கார வளைவு, அதே புல்தரை, அதே கண்ணாடிக் கட்டடம். நேரில் போய்ப் பார்ப்பதால் என்ன பயன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 22, இரவு

அழைத்துக்கொண்டு போங்கள் ஐயா. பையனாகவே கேட்கும்போது தட்டாதீர்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் 2 வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். கேட்காத பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன் என்பதால் சொல்கிறேன்.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்கு வரும் கட்-ஆஃப், வரிசையில் உங்கள் பையன் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் சொல்லும். எந்தக் கல்லூரியை முதலில் எழுதுவது, எதைப் பத்தாவதாக எழுதுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நடுத்தரக் கட்-ஆஃப் வாங்கும் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரிகள் ஒன்றிரண்டு அல்ல, ஏராளம். அந்த விருப்பப் பட்டியலைக் கலந்தாய்வு நேரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு நிரப்பும் குடும்பங்களை வருடந்தோறும் பார்க்கிறேன். நான்கு வருடப் படிப்பு அரைமணி நேரத்தில் தீர்மானமாகிறது. வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். விளம்பரம் கொடுத்து அழைக்கும் நாளிலும் வேண்டாம். பாடம் நடக்கும் சாதாரண நாளில், காலை பத்து மணிக்கு உள்ளே இருங்கள். காலாண்டு விடுமுறையில் பள்ளி மூடியிருக்கும், கல்லூரி நடக்கும். ஆயுதபூஜையை ஒட்டிய நாட்களை மட்டும் தள்ளிவிடுங்கள். மே மாதம் ரிசல்ட் வந்தபிறகு போகலாம் என்று நினைத்தால், அப்போது செமஸ்டர் தேர்வாக இருக்கும் அல்லது விடுமுறையாக இருக்கும். வகுப்பறையைப் பார்க்கலாம், வகுப்பைப் பார்க்க முடியாது.

செப்டம்பர் 23

கார் எதற்கு? அந்தப் பையன் தினமும் காரிலா போகப்போகிறான்? வீட்டிலிருந்து போய் வருவது என்று முடிவானால், அவன் ஏறப்போகும் பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். கல்லூரி பஸ் உங்கள் ஊருக்கு வருகிறதா, காலையில் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை அலுவலகத்தில் கேட்பதோடு விட்டுவிடாமல், அதில் ஏறும் பிள்ளையிடமும் கேளுங்கள். ஆறு மணிக்கு ஏறி இரவு ஏழரைக்கு இறங்கும் பிள்ளை எப்போது படிக்கும்?

முதல் நாளே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வாசலில் காவலாளி நிறுத்திவிடுவார், அது அவர் வேலை. பையனின் பள்ளி அடையாள அட்டை, உங்கள் ஆதார் நகல் கையில் இருக்கட்டும். சேர்க்கைப் பிரிவில் ஒருவரை உடன் அனுப்புவார்கள். அவர் காட்டுவதை மரியாதையாகப் பாருங்கள். பிறகு, "கொஞ்ச நேரம் நாங்களே சுற்றிப் பார்க்கிறோம்" என்று கேளுங்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறீர்கள்.

செப்டம்பர் 25

ஆய்வகத்தில் என்ன பார்ப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இது என் துறை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் பிளஸ் 2 பிள்ளைகளைக் களப்பயணமாகக் கல்லூரிகளுக்கு அழைத்துப் போகிறோம். நல்ல ஏற்பாடு. கல்லூரி வாசலையே மிதித்திராத குடும்பத்துப் பிள்ளைகள் உள்ளே போய் வருகிறார்கள். ஆனால் கூட்டமாகப் போகும்போது அரங்கில் உட்காரவைத்துப் படம் காட்டுவார்கள், ஆய்வகத்தை வாசலில் நின்று எட்டிப் பார்க்க விடுவார்கள், அதற்குள் பஸ் கிளம்பும் நேரமாகிவிடும். அப்படி ஒரு முறை போனபோது இயந்திரவியல் பணிமனைக்குள் நுழைந்தோம். பச்சை வண்ணம் பூசிய கடைசல் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் அதன் அழகைப் பார்த்தார்கள். நான் குனிந்து அடித்தட்டைப் பார்த்தேன். கடைசல் நடந்தால் இரும்புச் சுருள் விழும். எண்ணெயும் தூளும் சேர்ந்து ஒரு கறுப்புப் பிசுக்கு படியும். எவ்வளவு கூட்டினாலும் மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே எல்லாத் தட்டும் துடைத்துவைத்த வெண்கலப் பானைபோலப் பளபளத்தன. வேலைத் துண்டைப் பிடிக்கும் தாடையில் மெல்லிய துரு. பாடம் நடக்கும் பருவத்தில் அது பல நாள் ஓடாத இயந்திரம்.

என் மாணவி ஒருத்தி அங்கிருந்த ஆய்வக உதவியாளரிடம், "அண்ணா, இதை நாங்கள் தொடலாமா?" என்று கேட்டாள். "தொடக் கூடாதும்மா, சார் ஓட்டிக் காட்டுவார், நீங்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம்" என்றார் அவர். நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் அந்தத் துறையின் நிலவரம் முழுவதும் தெரிந்துவிட்டது. துறைத்தலைவரிடம் கேட்டிருந்தால் ஆய்வகத்தின் மதிப்பு எத்தனை கோடி என்று சொல்லியிருப்பார்.

வேறொரு கல்லூரியில் மின்னியல் ஆய்வகம் பார்க்கச் சுமாராக இருந்தது. மேசையில் சூடுபட்ட தழும்புகள், ஒயர்களில் சுற்றிய டேப், சுவரில் யாரோ சாக்பீஸால் எழுதிவைத்த கணக்கு. மூன்று பிள்ளைகள் ஒரு மோட்டாரைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அளவு ஏன் தப்பாக வருகிறது என்று. என் பிள்ளையாக இருந்தால் அங்கேதான் சேர்ப்பேன்.

ஆக, ஆய்வகத்தில் கேட்க வேண்டியவர் ஆய்வக உதவியாளர். கேட்க வேண்டிய கேள்வி: ஒரு கருவிக்கு எத்தனை பேர், பிள்ளைகள் கையால் செய்கிறார்களா, கருவி பழுதானால் எத்தனை நாளில் சரியாகிறது. பயன்பாட்டுப் பதிவேடு மேசையில் கிடந்தால் கடைசித் தேதியைப் பாருங்கள்.

செப்டம்பர் 25, சற்றுப் பின்

நூலகம் விட்டுப்போயிற்று. உங்கள் பையன் சேர நினைக்கும் துறையின் அலமாரியிலிருந்து ஒரு பாடநூலை எடுத்துப் பின் அட்டையில் ஒட்டியுள்ள தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை எந்த வருடத்தது என்று தெரியும்.

செப்டம்பர் 26

மன்னார்குடி வாசகி எழுதியது சரி. பல நூலகங்களில் இப்போது எல்லாம் கணினிப் பதிவு, தேதிச் சீட்டே கிடையாது. அப்படியானால் பருவ இதழ் அடுக்கைப் பாருங்கள். இந்த மாத இதழ் இருக்கிறதா, போன வருடத்தோடு நின்றுவிட்டதா? மாலை நான்கு மணிக்கு உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? விடுதிப் பிள்ளைகளுக்காக இரவு எத்தனை மணிவரை திறந்துவைக்கிறார்கள்?

செப்டம்பர் 28

"பிளேஸ்மென்ட் எப்படி என்று யாரிடம் கேட்பது?" என்கிறார் பட்டுக்கோட்டைத் தம்பி.

நுழைவாயிலில் மாட்டியிருக்கும் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று நிறுவனத்தில் வேலை கிடைத்தால் மூன்று என்று கணக்குக் காட்டும் வழக்கம் உண்டு. கேன்டீனில் இறுதியாண்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். "பிளேஸ்மென்ட் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். "போன வருடம் உங்கள் துறையில் முடித்த அண்ணன்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? வேலையில் சேரும் தேதி வந்ததா? உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர் இருக்கிறது?" என்று கேளுங்கள். பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தால் நம்பலாம்.

இரண்டாமாண்டுப் பிள்ளைகளிடம் கேட்பது இன்னும் நல்லது. முதலாண்டுக்கு எல்லாம் புதிது, இறுதியாண்டுக்குக் கிளம்பும் அவசரம். இரண்டாமாண்டுதான் ஆசையும் கோபமும் கலந்து பேசும். "பாதிப் பருவத்தில் ஆசிரியர் மாறினாரா?" இதை மறக்காமல் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் பெரிய வியாதியே இதுதான். தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆசிரியர் பட்டியல் உள்ளிட்ட விவரங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். போவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்த்து நான்கு பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே போய் அந்த ஆசிரியர்கள் எந்த வகுப்பு எடுக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் விசாரியுங்கள்.

அக்டோபர் 5

முத்துப்பேட்டை ஐயா போய்விட்டு வந்து நீளமாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. ஒரு கல்லூரியில் பையனைத் தனியே விட்டதாகவும், அவன் ஒரு மணி நேரம் கழித்து ரோபாட்டிக்ஸ் மன்றத்துப் பிள்ளைகளோடு திரும்பி வந்ததாகவும் எழுதியிருக்கிறார். அதைத்தான் சொல்ல நினைத்தேன், நீங்களே செய்துவிட்டீர்கள். அப்பா பக்கத்தில் நின்றால் பிள்ளை வாய் திறக்காது. கல்லூரிப் பிள்ளைகளும் அப்பாவுக்கு ஏற்ற பதிலைத்தான் சொல்வார்கள்.

ஆனால் ஒன்று. "விடுதி அறை நன்றாக இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தண்ணீரைப் பார்த்தீர்களா? நம் கடற்கரையோரத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம்வரை நிலத்தடி நீரின் உவர்ப்பு நமக்குத் தெரிந்ததுதானே. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் குளிக்கும் தண்ணீர் எப்படி என்று தெரிந்துவிடும். குடிநீர் இயந்திரம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பாருங்கள். மெஸ்ஸில் பணம் கொடுத்து ஒருவேளை சாப்பிடுங்கள்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு: வகுப்பறைக் கட்டடத்தில் இருக்கும் கழிப்பறைக்கு நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள், தண்ணீர், குப்பைக்கூடை மூன்றும் இருக்கிறதா? கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பழைய மாணவி ஒருத்தி என்னிடம் வந்து அழுதாள். கூச்சப்படாமல் பாருங்கள்.

ராகிங் பற்றியும் கேளுங்கள். தமிழ்நாட்டில் அதற்கு 1997இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தடுப்புக் குழுவினரின் பெயரும் தொலைபேசி எண்ணும் விடுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் மட்டும் போதாது, அதில் இருப்பவர்கள் இப்போதும் பணியில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

அக்டோபர் 12

பொறியியல் மட்டும்தான் கல்லூரியா என்று கும்பகோணத்திலிருந்து ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். நியாயமான கோபம். நம் டெல்டாப் பிள்ளைகளில் ஏராளமானோர் அரசு கலைக் கல்லூரிக்குத்தான் போகிறார்கள், அதையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

அங்கே முதல் கேள்வி எந்த ஷிஃப்ட் என்பது. இரண்டு ஷிஃப்ட் நடக்கும் கல்லூரியில் இரண்டாவது ஷிஃப்ட் மாலைவரை நீளும். உள்கிராமத்துப் பெண்ணுக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பார்க்காமல் சேர்த்துவிட்டு, இரண்டாவது மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. ஆனால் பஸ் வர வேண்டுமே. மாலையில் கல்லூரி நிறுத்தத்தில் நின்று, எத்தனை பஸ் நிற்கிறது, எத்தனை பஸ் நிற்காமல் போகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர். கௌரவ விரிவுரையாளர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களில் பலர் உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் ஒரு துறையே அவர்களை நம்பி ஓடுகிறது என்றால், பருவத் தொடக்கத்தில் பாடம் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

கும்பகோணம் என்றதும் ராமானுஜன் படித்த கல்லூரி என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 1854இல் தொடங்கிய கல்லூரி, காவிரிக் கரை, ஆற்றைக் கடந்து போகும் பாலம், எல்லாம் பார்க்க வேண்டியதுதான். அதைச் சொல்லும்போது முழுக்கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டதால் அந்த உதவித்தொகையை இழந்தார். ஒரு கல்லூரிக்கு நூற்றைம்பது வருடப் பெருமை இருக்கலாம். உங்கள் பிள்ளைக்குக் கணிதம் எடுக்கப்போகிறவர் யார் என்பதை இன்றைக்குத்தான் விசாரிக்க வேண்டும்.

அக்டோபர் 19

நேற்று வகுப்பில் கேட்டேன்: திருவாரூருக்குப் பக்கத்தில், நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, உள்ளே போனவர்கள் கை தூக்குங்கள். ஒரு கை இல்லை. அது 2009இல் வந்தது. இந்தப் பிள்ளைகள் வளர்ந்த காலமெல்லாம் அது அங்கேதான் இருக்கிறது.

2022 முதல் அதில் இளநிலைச் சேர்க்கை, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு வழியாக. விண்ணப்பம் பிளஸ் 2 ரிசல்ட் வருவதற்கு முன்பே திறந்து மூடிவிடும். ரிசல்ட் வந்தபிறகு போய் நின்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே, அதைப் பார்க்க வேண்டியது பிளஸ் 1 முடிவதற்குள், அல்லது இப்போது. துவாக்குடியில் இருக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகமான என்.ஐ.டி.யையும் அப்படி முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். தஞ்சாவூர்–திருச்சிச் சாலையில் போகிற பஸ்ஸெல்லாம் அதைக் கடந்துதான் போகிறது, ஜன்னல் வழியே பெயர்ப்பலகையைப் பார்ப்பதோடு சரி.

கிடைக்காத கல்லூரியைக் காட்டிப் பிள்ளையின் மனதைக் கெடுக்காதீர்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இதைப் பல நாள் யோசித்தேன். சில பிள்ளைகள் பெரிய வளாகத்தைப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோவது உண்மை. ஆனால் பார்க்காத பிள்ளை ஆசைப்படக்கூட மாட்டாது. நான் காட்டவே சொல்வேன். பிளஸ் 2 மார்ச்சில் அல்ல, பத்தாம் வகுப்பு முடித்த கோடையில். ஓடுவதற்கு நேரம் இருக்கும்போது காட்டினால்தான் ஓடத் தோன்றும்.

இன்னும் ஒன்று. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் நம் மண்ணிலேயே இருப்பதைப் பார்க்காமல் சென்னை, கோவை என்கிறார்கள். ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம். மூன்றும் அரை நாள் பயணத்துக்குள்.

நவம்பர் 6

மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள், கல்லூரி நடக்கிறது. சந்தேகத்தில் இருக்கும் கல்லூரியை இப்போது ஒரு முறை போய்ப் பாருங்கள். சேர்க்கை நேரத்தில் ஜூலை வெயிலில் எல்லா வளாகமும் அழகுதான். வடகிழக்குப் பருவமழையில் விடுதித் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறுகிறதா, கல்லூரி பஸ் பாதியில் திரும்பிவிடுகிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் விடுதிக்கும் ஓடுகிறதா, அலுவலகத்துக்கு மட்டுமா என்பது இப்போதுதான் தெரியும். வயல் நடுவே மண் கொட்டி உயர்த்திய வளாகங்கள் பல. மண் கொட்டும்போது பக்கத்து வாய்க்காலை அடைத்திருந்தால் தண்ணீர் எங்காவது வந்துதானே தீரும். சம்பா வயலில் தண்ணீர் வடிவதைப் பார்க்கத் தெரிந்த அப்பாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நவம்பர் 9

இன்று வந்த தனிச்செய்தி மனதைப் பிசைகிறது. ஊரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். கல்லூரி பார்க்கப் போன இடத்தில், "இன்றே முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை, நாளைக்கு இந்த இடம் இருக்காது" என்று சொல்லி, நகை அடகு வைத்த பணத்திலிருந்து ஒரு தொகை வாங்கியிருக்கிறார்கள். பிள்ளை இன்னும் பொதுத்தேர்வே எழுதவில்லை.

பார்க்கப் போகும் நாளில் பணம் எடுத்துப் போகாதீர்கள். ஏ.டி.எம். அட்டையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அசல் சான்றிதழ் எதையும் கையோடு கொண்டுபோக வேண்டாம். சேர்க்கையின்போதுகூட அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் அறிவித்தது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. அதற்குமேல் இன்னின்ன கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டார்கள். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப்போகும் பிள்ளை என்றால், முதல் பட்டதாரிச் சலுகைக்குச் சான்றிதழை இப்போதே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வளாகம் சுற்றிக் காட்ட உடன் வருபவர் உங்கள் ஊர்க்காரர், சொந்தக்காரர் என்று உறவு சொல்லிக்கொண்டு வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளை பிடித்துக் கொடுப்பதற்குத் தரகு வாங்குபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

நவம்பர் 23

முத்துப்பேட்டை ஐயாவின் கடைசிக் கேள்வி. பையனுக்கு ரோபாட்டிக்ஸ் மன்றம் இருந்த கல்லூரி பிடித்திருக்கிறது. உங்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில், பஸ் வசதி உள்ளது பிடித்திருக்கிறது. எதை முதலில் எழுதுவது?

இரண்டையும் எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் வரிசை முக்கியம். பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, அவன் தரவரிசைக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைத்தான் ஒதுக்குவார்கள். உங்கள் கல்லூரியை முதலில் எழுதி அது கிடைத்துவிட்டால், அவன் ஆசைப்பட்ட இடம் காலியாக இருந்தாலும் அந்தச் சுற்றில் அதைப் பார்க்கவே மாட்டார்கள். அவனுடையதை முதலில் எழுதினால், அது கிடைக்காதபோது உங்களுடையது தானாக வரும். உங்களுக்கு நஷ்டம் இல்லை.

அந்தக் கல்லூரியில் ஆய்வக உதவியாளரிடம் பேசினீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. டிசம்பரில் செமஸ்டர் தேர்வு தொடங்குவதற்குள் ஒரு வேலைநாளில் பையனை மட்டும் அனுப்பி அதைக் கேட்டுவரச் சொல்லுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் அவன் கல்லூரி முதலில்.